ஹிஜ்ர்: அரபுக் குதிரை மரபில் முதிய பெட்டைகள்

நபிமொழித் தொகுப்புகளின் வணிக இயலை ஓதிக் கொடுக்கும் உஸ்தாதுமார்கள் சற்று வேகமாகக் கடந்து செல்லும் பாடங்கள் சில உண்டு. ‘அஸ்புல் ஃபஹ்ல்’ என்னும் பாடம் அவற்றுள் ஒன்று. பொலிகுதிரையையோ பொலிகாளையையோ பெட்டையின்மீது விடுவதற்குக் கூலி வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்துள்ள செய்தி அது. நான் ஓதிய காலத்தில் எங்கள் உஸ்தாத் சொல்லுக்குப் பொருள் கூறிவிட்டு, கூச்சத்தோடு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டார்கள். பின்னர் நானும் பல ஆண்டுகள் அவ்வாறே செய்து வந்தேன். ஒருநாள் மாணவர் ஒருவர், “கூலி வாங்கக் கூடாது என்பது விளங்குகிறது. ஆனால் கூலி எதற்கு? பெட்டை கருவுற்றால்தானா, உறாவிட்டாலுமா? கருவுற்றதை அவர்கள் எப்படி அறிந்தார்கள்?” என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. அகராதிகளையும் குதிரை நூல்களையும் அதன் பிறகே ஒழுங்காகத் திறந்தேன்.

அரபியர் குதிரையைப் பற்றி நாம் பேசும்போது போர்க்களத்தில் பாயும் ஆண் குதிரையையே மனத்தில் கொள்கிறோம். ‘அல்ஆதியாத்’ அத்தியாயத்திற்கு உரை சொல்லும்போது நம் மேடைகளில் எழும் சித்திரமும் அதுவே. ஆனால் பாலைவன அரபியரின் வாழ்வில் முதலிடம் பெற்றது பெட்டைக் குதிரை. படையெடுப்புக்கும் திடீர்த் தாக்குதலுக்கும் அவர்கள் பெரும்பாலும் பெட்டையையே ஏறிச் சென்றனர். எதிரியின் குதிரைகளைக் கண்டு கனைத்து அது தன் தலைவனைக் காட்டிக் கொடுப்பதில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. ஆண் குட்டிகளில் பெரும்பகுதி விற்கப்பட்டது. ஒரு குலத்தில் பொலிகுதிரைகள் மிகச் சிலவே இருந்தன. குஹைலான், ஸக்லாவி, உபய்யான், ஹம்தானி, ஹத்பான் என வழங்கும் குதிரை வம்சங்களும் தாய்வழியிலேயே கணக்கிடப்பட்டன. தந்தை எவ்வளவு உயர்ந்ததாயினும் குட்டி தாயின் வம்சப் பெயரையே தாங்கும். மனித நசபைத் தந்தை வழியில் பாட்டனுக்குப் பாட்டன் வரை மனனம் செய்த அதே சமூகம், குதிரையின் நசபைத் தாய் வழியில் ஓதியது என்பது சிந்திக்கத் தக்கது.

இனப்பெருக்கத்திற்காக வைத்துக்கொள்ளப்படும் பெட்டைக்கு அரபியில் ‘ஹிஜ்ர்’ என்று பெயர். பெண்பாலைக் குறித்தாலும் பெண்பால் விகுதி ஏற்காத சொல் இது. தடுத்தல், காத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. உயர்குலப் பொலிகுதிரைக்கன்றி மற்றவற்றுக்கு அதன் கருப்பை தடுக்கப்பட்டிருப்பதால் இப்பெயர் வந்தது என்பர் மொழியறிஞர். இச்சொல்லாய்வு சரியோ பிழையோ, அதன் பின்னே நிற்கும் கவலை உண்மையானது. இழிந்த பொலிகுதிரை ஒருமுறை சேர்ந்துவிட்டால் பெட்டையின் கருப்பையே கெட்டுவிடும், பின்னர் உயர்ந்த குதிரையோடு சேர்த்தாலும் பிறப்பது தூயதாகாது என்று பாலைவன அரபியர் நம்பினர். இதனைப் பாமர நம்பிக்கை என்று எள்ளிவிட வேண்டாம். இங்கிலாந்தில் மார்ட்டன் பிரபுவின் அரபு இரத்தம் மிகுந்த பெட்டையொன்று, வரிக்குதிரை இனத்தைச் சேர்ந்த குவாகாவோடு சேர்க்கப்பட்ட பின்னர், அரபு ஆண் குதிரைக்கு ஈன்ற குட்டிகளிலும் வரிகள் தெரிந்ததாக அந்நாட்டு அறிஞர் சபைக்கே அறிக்கை தரப்பட்டது. ஐரோப்பிய அறிவியலாளர் அதனைப் பல்லாண்டுகள் நம்பினர். ஸ்காட்லாந்தில் காஸர் யூவர்ட் வரிக்குதிரைகளை வைத்து நடத்திய சோதனைகளை 1899-இல் நூலாக வெளியிட்ட பிறகே அந்நம்பிக்கை தளர்ந்தது. அரபியர் பிழைபட்டனர், அவர்களோடு சேர்ந்து மற்றவரும் பிழைபட்டனர்.

அகராதிகளுக்கு வருவோம். ஹிஜ்ரி 3-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மறைந்த அஸ்மயீ, அபூஉபைதா ஆகிய இருவரும் குதிரையைப் பற்றியே தனித்தனி நூல் எழுதினர். அவர்கள் காலத்தவரான இப்னுல் கல்பீ குதிரைகளின் வம்சாவளியை எழுதினார். இவர்கள் பாலைவனத்தாரிடம் கேட்டுத் திரட்டிய சொற்கள் பின்னர் அஸ்ஹரீயின் ‘தஹ்தீபுல் லுகா’விலும், இப்னு மன்ளூரின் ‘லிஸானுல் அரப்’பிலும் வந்து சேர்ந்தன. பெட்டை பருவத்துக்கு வருவதைக் குறிக்க அரபியில் பொதுச்சொல் ஒன்று போதாது. ஒட்டகைக்கு ‘ளபஅத்’, ஆட்டுக்கு வேறு, நாய்க்கு ‘ஸரஃபத்’, குதிரை, கழுதை போன்ற குளம்புடையவற்றுக்கு ‘வதகத்’. பருவத்திலுள்ள பெட்டைக் குதிரை ‘வதீக்’, அப்பருவம் ‘விதாக்’. இவ்வேரில் மழையைக் குறிக்கும் ‘வத்க்’ என்னும் சொல்லும் உண்டு என்பதைக் குர்ஆன் ஓதுவோர் அறிவர். நெருங்குதல் என்னும் பொருளும் அதே வேருக்கு உண்டு.

விதாக்கை அவர்கள் எதைக் கொண்டு அறிந்தார்கள்? இன்றைய கால்நடை மருத்துவர் கூறும் அடையாளங்களும் கண்ணாலேயே காணத்தக்கவைதாம். பெட்டை வாலைத் தூக்கி ஒருபுறம் ஒதுக்கும். பின்னங்கால்களை அகற்றிச் சற்றே குந்தும். சிறிது சிறிதாகப் பலமுறை சிறுநீர் கழிக்கும். பிறப்புறுப்பின் இதழ்கள் திறந்து மூடும். ஆண் குதிரை நிற்கும் திசையை நோக்கிச் சாயும். பருவம் கடந்ததும் அதே பெட்டை காதுகளைப் பின்னுக்கு மடக்கும்; கீச்சிடும்; உதைக்கும். ஏறத்தாழ இருபத்தொரு நாள்களுக்கு ஒருமுறை இச்சுற்று நிகழும். பருவம் ஐந்து முதல் ஏழு நாள்கள் வரை நீடிக்கும். கருமுட்டை வெளிப்படுவது அப்பருவத்தின் இறுதி ஒன்றிரண்டு நாள்களில். ஆகவே முதல் நாளின் ஆர்வத்தைக் கண்டு பொலிகுதிரையை விடுபவன் பலமுறை ஏமாறுவான். ஆண்டு முழுவதும் இச்சுற்று நிகழ்வதுமில்லை. பகல்பொழுது நீளத் தொடங்கும் இளவேனிலில் தொடங்கி இலையுதிர் காலத்தில் ஓய்ந்துவிடும். கருக்காலம் பதினொரு மாதம் என்பதால், ஒரு வசந்தத்தில் சினைப்பட்ட பெட்டை மேய்ச்சல் தழைக்கும் அடுத்த வசந்தத்தில் ஈனும். ஈன்ற ஏழு முதல் பத்து நாள்களுக்குள் மீண்டும் பருவம் வந்துவிடும். குட்டியைக் காக்கும் அச்சத்தில் அப்போது பெட்டை அதை மறைத்துக்கொள்வதும் உண்டு.

இன்று குதிரைப் பண்ணைகளில் ஆண் குதிரையொன்றைக் கொண்டுவந்து வேலிக்கு அப்பால் நிறுத்தி, பெட்டை எவ்வாறு நடந்துகொள்கிறது என்று பார்ப்பர். கூடாரத்தின் வாசலில் தனித்துக் கட்டப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் சூழ வளர்ந்த பாலைவனப் பெட்டைக்கு அந்த வசதி எப்போதும் கிடைத்திருக்காது. பொலிகுதிரை சில நாள் பயணத் தொலைவில் வேறு கிளையாரிடம் இருக்கலாம். எனவே உரிமையாளன் தன் பெட்டையின் வழக்கமான குணத்தை நன்கறிந்து, அதிலிருந்து அது விலகும் நாளைக் கணக்கிட வேண்டியிருந்தது. அரபி அகராதியில் இத்துறைச் சொற்கள் பெருகியதற்கு இத்தேவையே காரணம் என்று நான் கருதுகிறேன்.

கருவுற்ற பின்வரும் சொற்கள் இன்னும் நுட்பமானவை. ஒட்டகை ‘லகிஹத்’, ஆடு ‘ஹமலத்’ என்று கூறும் அரபியர், குதிரையின் சூலுக்கு இரண்டு சொற்களை வைத்தனர். தொடக்கத்தில் ‘அகஸ்ஸத்’, இறுதியில் சூல் வெளிப்படையாகத் தெரிந்தபின் ‘அஅக்கத்’. முந்தியதற்குப் பெட்டை ஆண் குதிரையை ஏற்க மறுத்தது, அதன் பருவம் நீங்கிற்று என்று பொருள் தரப்படுகிறது. பிந்தியதிலிருந்து வந்ததே சினைக்குதிரையைக் குறிக்கும் ‘அகூக்’. ‘அப்லக்’ என்பது கறுப்பும் வெள்ளையும் கலந்த ஆண் குதிரை. சினையான அப்லக்கைத் தேடினான் என்றால், நடவாத ஒன்றைக் கேட்டான் என்பது அரபுப் பழமொழி.

இவ்விரு சொற்களையும் நான் முதலில் வெறும் சொற்பெருக்கம் என்றே எண்ணியிருந்தேன். கால்நடை மருத்துவம் பயின்ற நண்பர் ஒருவரிடம் பேசியபோதுதான் அவற்றின் அருமை தெரிந்தது. பெட்டை ஆண் குதிரையை மறுப்பது சூலுக்கு அடையாளமே தவிர, உறுதியான சான்று அன்று. கரு இல்லாமலேயே இரண்டு மூன்று மாதங்கள் பருவம் வராமல் நின்றுவிடுவது உண்டு. கரு ஐந்து வாரம் கடந்தபின் சிதைந்துவிட்டாலும், கருப்பையில் தோன்றிவிட்ட சுரப்புகளின் விளைவால் பெட்டை பல வாரங்கள் பருவத்துக்குத் திரும்பாது. சினையாக இருப்பது போலவே நடந்துகொள்ளும். ஆகவே, மறுத்தது என்பதற்கு ஒரு சொல்லும் சினை தெரிந்தது என்பதற்கு வேறொரு சொல்லும் வைத்தவர்கள், அவ்விரண்டுக்கும் இடையே ஐயம் உண்டென்பதை அனுபவத்தில் கண்டவர்கள். முதிய பெட்டைகளிடத்தில்தான் இந்த ஐயம் மிகுதி. அதைப் பின்னர் காண்போம்.

பருவத்தில் இருந்த ஒரு பெட்டையால் நாற்பது ஆண்டுப் போர் மூண்டது என்றால் மிகையாகாது. அப்ஸ், துப்யான் குலங்களிடையே நிகழ்ந்த தாஹிஸ்–கப்ரா போரை அறியாத அரபி மாணவர் இல்லை. பந்தயத்தில் நடந்த வஞ்சகத்தையே நாம் பாடத்தில் சொல்கிறோம். தாஹிஸ் பிறந்த கதையைச் சொல்வதில்லை. தமீம் குலத்தின் பனூ யர்பூஉ கிளையில் ஹௌத் என்பவரிடம் ‘துல் உக்கால்’ என்னும் பெயர்பெற்ற பொலிகுதிரை இருந்தது. அதை எவருடைய பெட்டைக்கும் அவர் விடுவதில்லை. மேய்ச்சல் தேடிக் குலம் இடம்பெயர்ந்த ஒருநாள், அவருடைய இரு பெண்மக்கள் அதை நடத்திச் சென்றனர். கிர்வாஷ் என்பவரின் ‘ஜல்வா’ என்னும் பெட்டை அவ்வழியே வந்தது. அது வதீக்காக இருந்தது. பொலிகுதிரையின் நிலையைக் கண்டு இளைஞர்கள் சிரித்தனர். பெண்கள் நாணிக் கயிற்றை விட்டுவிட்டனர். அது பெட்டையோடு சேர்ந்துவிட்டது. வெளியே சென்றிருந்த ஹௌத் திரும்பி வந்து, தம் குதிரையின் கண்ணைப் பார்த்த மாத்திரத்திலேயே நடந்ததை உணர்ந்துகொண்டார் என்கிறது வரலாறு. தம் குதிரையின் வித்துத் திருடப்பட்டது என்று அவர் கொதித்தெழுந்தார். பூசல் முற்றவே, உம்முடையதை நீரே எடுத்துக்கொள்ளும் என்று எதிர்த்தரப்பார் கூறிவிட்டனர். அவர் தண்ணீரும் மண்ணும் தோய்ந்த கையைப் பெட்டையின் கருப்பைக்குள் செலுத்திக் கழுவியெடுத்தார். ஆனால் கருப்பை ஏற்றதை ஏற்றுவிட்டது. பிறந்த குட்டிக்கு, அவர் கையைத் திணித்த அச்செயலையொட்டித் ‘தாஹிஸ்’ என்று பெயராயிற்று. இவ்வாறு கையைச் செலுத்துவதற்கு அரபியில் ‘ஸத்வு’ என்று தனிச்சொல்லும் உண்டு.

கதையில் புனைவு கலந்திருக்கலாம். ஆயினும் அதன் உடற்கூற்றியல் வியப்பளிக்கிறது. சேர்க்கை நிகழ்ந்த சில மணி நேரத்துக்குள் கருவுறத் தேவையான உயிரணுக்கள் கருப்பையைக் கடந்து கருக்குழாயை அடைந்துவிடும். இன்று முதிய பெட்டைகளுக்குச் சேர்க்கைக்குப்பின் கருப்பையில் நீர் தங்கி அழற்சி உண்டாவதைத் தவிர்க்க, நான்கு மணி நேரம் கழித்துத் தூய உப்புக்கரைசலால் கருப்பையைக் கழுவுகிறார்கள் மருத்துவர்கள். அதனால் சூல் தடைப்படுவதில்லை, மாறாக நிலைக்கிறது. ஹௌத் செய்ததோ மண்ணும் நீரும் கொண்டு, கோபத்தில் செய்த கொடுமை. தாய் பிழைத்ததே பெரிது.

‘வித்துக்கு உரிமை’ என்னும் இந்தச் சச்சரவுகள் மலிந்த சமூகத்திற்கே அஸ்புல் ஃபஹ்ல் பற்றிய நபிமொழி சொல்லப்பட்டது. விற்கப்படும் பொருள் அளவிட இயலாதது. கையில் ஒப்படைக்க இயலாதது. பெட்டை கருவுறுமா என்பது எவர் வசத்திலும் இல்லை. எனவே ஹனஃபீ, ஷாஃபிஈ, ஹன்பலீ மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் அதற்கான கூலி ஒப்பந்தத்தைச் செல்லாது என்றனர். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் மத்ஹபில், இத்தனை முறை அல்லது இத்தனை காலம் என வரையறுத்தால் கூடும் என்று இடம் தரப்பட்டது. அம்மத்ஹபினர் பேசுவது சேர்க்கை என்னும் செயலுக்கான வாடகை. சினை என்னும் விளைவுக்கு அன்று. கிலாப் குலத்தார் ஒருவர், “நாங்கள் பொலிவிலங்கை இரவலாகத் தருகிறோம், அதற்கு மரியாதையாக ஏதேனும் கிடைக்கிறது” என்னும் கருத்தில் வினவியபோது, நபி (ஸல்) அவர்கள் அன்பளிப்புக்கு அனுமதியளித்த செய்தி திர்மிதியில் உள்ளது. மாணவர் கேட்ட கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. சினை பிடித்தால் நன்றியாகத் தருவான். பிடிக்காவிட்டால் வழக்குக்கு இடமில்லை. துல் உக்காலின் உடைமையாளர் எழுப்பியது போன்ற பூசல் எழவே வழியில்லாமல் போகிறது.

இதே இயலில் வருவதுதான் ‘ஹபலுல் ஹபலா’, அதாவது வயிற்றிலுள்ள குட்டி பிறந்து வளர்ந்து அது ஈனப்போகும் குட்டியை விற்பது, அல்லது அதுவரை தவணை வைப்பது. ஆண் விலங்கின் முதுகிலுள்ளதையும் பெண் விலங்கின் வயிற்றிலுள்ளதையும் விற்பதற்கு ‘மளாமீன்’, ‘மலாகீஹ்’ என்று பெயர்கள். இவற்றுள் எது எதைக் குறிக்கும் என்பதில் முவத்தாவில் உள்ள விளக்கமும் மொழியறிஞர் பலரது விளக்கமும் தலைகீழாக உள்ளன. தேர்வில் இக்கேள்வியைக் கேட்பதை நான் நிறுத்திவிட்டேன்.

ஸகாத் இயலிலும் பெட்டைக் குதிரை வருகிறது. மேய்ந்து வாழும் குதிரைகளுக்கு ஸகாத் உண்டென்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). அவர்களுடைய இரு மாணவர்களும் மற்ற இமாம்களும் இல்லை என்றனர். அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கூற்றிலும் ஆண் குதிரைகள் மட்டும் இருந்தால் ஸகாத் இல்லை, அவை பெருகா. பெட்டைகள் மட்டும் இருந்தால்? இரு அறிவிப்புகள் உள்ளன. கடமை என்னும் அறிவிப்புக்கு ‘ஹிதாயா’ ஆசிரியர் கூறும் காரணம், இரவல் பொலிகுதிரையைக் கொண்டு அவை இனம் பெருகும் என்பதே. இரவல் என்னும் அந்த ஒற்றைச் சொல், முன்சொன்ன நபிமொழி நடைமுறையில் எவ்வாறு வாழ்ந்தது என்பதைக் காட்டிவிடுகிறது.

குதிரை மருத்துவம் தனிக் கலையாக வளர்ந்ததும் இதன் தொடர்ச்சிதான். கிரேக்கக் குதிரை மருத்துவரான தியோம்னெஸ்டஸின் நூலை ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அரபியில் பெயர்த்தார். அப்பாஸியக் கலீஃபா முஃதளித் (ஆட்சி 892–902) காலத்தவரான இப்னு அகீ ஹிஸாம் எழுதிய ‘கிதாபுல் ஃபுரூஸிய்யா வல் பைதரா’, இத்துறையில் நமக்குக் கிடைத்துள்ள பழைய அரபு நூல்களுள் முதன்மையானது. ஸெவில் நகரத்து இப்னுல் அவ்வாம் 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய வேளாண் நூலிலும் குதிரைக்கு இடமுண்டு. எகிப்தின் மம்லூக் சுல்தான் நாஸிர் முஹம்மத் இப்னு கலாவூன் (மறைவு 1341) அரபுக் குதிரைகளின்மேல் தீராத மோகம் கொண்டவர். ஆலு முஹன்னா குலத்தாரின் குதிரைகளுக்கு அவர் வாரியிறைத்த விலைகளை மக்ரீஸீ வியந்து எழுதியுள்ளார். அச்சுல்தானின் தலைமைக் குதிரை மருத்துவரான அபூபக்ர் இப்னு பத்ர் எழுதியதே ‘அந்நாஸிரீ’ எனப் பெயர்பெற்ற பெருநூல். பெர்ரோன் என்பவர் அதை மூன்று தொகுதிகளாகப் பிரெஞ்சில் பெயர்த்தார். முதல் தொகுதி 1852-இல் வெளிவந்தது.

செயற்கைக் கருவூட்டலின் வரலாற்றைக் கூறும் ஆங்கில நூல்கள் பலவற்றில் ஒரு செய்தி வருகிறது. 1322-ஆம் ஆண்டில் அரபுத் தலைவர் ஒருவர், பகைவருடைய பொலிகுதிரையின் வித்தைப் பஞ்சில் ஏந்திக் களவாகக் கொண்டுவந்து தம் பெட்டைக்குச் செலுத்தி வெற்றி கண்டாராம். நம் மேடைகளிலும் ‘முஸ்லிம்களின் கண்டுபிடிப்பு’ என்று இது முழங்கப்படுகிறது. இச்செய்தியைக் கூறுவோர் தலைவரின் பெயரைச் சொல்வதில்லை. அரபு மூலநூலின் பெயரையும் தருவதில்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்தெழுதியதன்றி வேறு சான்று காட்டப்படவில்லை. தாஹிஸின் கதையில் வித்தைக் கருப்பையிலிருந்து வெளியே எடுக்க முயன்றனர்; இக்கதையில் உள்ளே செலுத்துகின்றனர். பழைய கதையே கைமாறிக் கைமாறித் தலைகீழாயிற்றோ என்பது என் ஐயம். பாலூட்டிகளில் இம்முறை சோதனையாக நிறுவப்பட்டது 1780களில், இத்தாலியப் பாதிரியார் ஸ்பல்லன்சானி பெட்டை நாயில் செய்த சோதனையில். குதிரைகளில் அது பெருமளவில் கையாளப்பட்டது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ருஷ்ய அறிஞர் இவானோவின் முயற்சியால். இல்லாத பெருமையைச் சுமப்பதால் இருக்கும் பெருமைக்கும் மதிப்புக் குறைகிறது.

இனி முதிய பெட்டைக்கு வருவோம். குதிரையின் வயதைப் பல்லைக் கொண்டு கணித்த அரபியர், ஐந்து வயதில் பல் நிறைந்ததை ‘காரிஹ்’ என்றனர். அதற்கும் ஓரிரண்டு ஆண்டு கடந்ததை ‘முதக்கீ’ என்றனர். முதிர்ந்த குதிரைகளின் ஓட்டமே மேலோங்கும் என்னும் கருத்துடைய பழமொழியொன்று, தாஹிஸ் பந்தயத்தின்போது அதன் உடைமையாளரான கைஸ் இப்னு ஸுஹைர் கூறியதாக வழங்குகிறது. பந்தயத்திற்கும் போருக்கும் பயன்பட்ட பெட்டையை இளமையிலேயே சினைப்படுத்தினால் ஏறிச்செல்ல இயலாது. எனவே புகழ்பெற்ற பெட்டைகள் பல, பந்தயமும் போரும் ஓய்ந்த பிறகே ஹிஜ்ராக அமர்த்தப்பட்டிருக்க வேண்டும். தன் தகுதியை ஓடிக் காட்டிய பெட்டையின் குட்டிக்கே மதிப்பு. அத்தகுதி தெரியவரும்போதோ அதற்கு வயதாகிவிடுகிறது.

பெட்டையின் கருவளம் பதினைந்து வயதளவில் குறையத் தொடங்குகிறது. அதன் கருமுட்டைகள் பிறக்கும்போதே அமைந்தவை. அவையும் அதனோடு மூப்படைகின்றன. ஈன்று ஈன்று கருப்பையின் உட்சுவர் தழும்பேறும். பிறப்புறுப்பின் அமைப்புச் சரிந்து காற்றும் அழுக்கும் உட்செல்லும். சேர்க்கைக்குப் பின் தங்கும் நீரை வெளியேற்றும் வலிமை கருப்பைக்குக் குறையும். இவ்வளவு இருந்தும் பருவ நடத்தை மாறுவதில்லை என்பதுதான் ஏமாற்றத்திற்குக் காரணம். பழகிய முதிய பெட்டை இளம்பெட்டையைவிடத் தெளிவாகவே விதாக்கை வெளிப்படுத்தும். ஆனால் வேனிலின் முதற்கருமுட்டை அதற்குச் சில வாரங்கள் பிந்தியே வெளிப்படும், சுற்றும் நீளும். மாசி, பங்குனியில் வாலைத் தூக்கி நாள்கணக்கில் நிற்பதைக் கண்டு பொலிகுதிரையை மீண்டும் மீண்டும் விட்டுப் பயனின்றிப் போவது இதனால்தான். கருவுற்றாலும் முதல் சில வாரங்களில் கரு சிதைவது முதிய பெட்டைகளில் மிகுதி. அகஸ்ஸத் என்று மகிழ்ந்தவன் அஅக்கத் என்னும் நாளைக் காணாமலே போகலாம். ஈனும் வேளையில் கருப்பையின் பெருநாளம் வெடித்துத் தாயே மடியும் ஆபத்தும் வயதோடு கூடுகிறது. ஒரு வம்சத்தின் கடைசிப் பெட்டையை வைத்திருந்தவனுக்கு, இன்னொரு குட்டி கேட்பதா, தாயை விட்டுவைப்பதா என்பது எளிய கேள்வியாக இருந்திருக்காது.

அதனால்தான் பாலைவனத்தில் பெட்டையை முழுமையாக விற்பது அரிதாயிருந்தது. 1817-இல் மறைந்த பயணி பர்க்ஹார்ட், பதவீ அரபியரைப் பற்றி எழுதி 1830-இல் அச்சேறிய குறிப்புகளில் அவர்களுடைய பங்கு விற்பனையை விவரிக்கிறார். பெட்டையின் பாதியை மட்டும் விற்பர். வாங்கியவன் அதைக் கொண்டுசெல்வான். பெட்டைக் குட்டி பிறந்தால் குட்டி அல்லது தாய், இரண்டில் ஒன்று விற்றவனுக்குத் திரும்ப வேண்டும். முதல் இரு பெட்டைக் குட்டிகளுக்கு உரிமை வைத்துக்கொண்டு விற்கும் வழக்கும் இருந்தது. பிறவாத குட்டியை விலக்கி வைத்துத் தாயை விற்பது ஷாஃபிஈ ஃபிக்ஹின்படி செல்லாத விற்பனை. ஹபலுல் ஹபலாவின் நிழல் அதன்மேல் விழுகிறது. நூலைப் படித்தவர்கள் தடுத்ததைப் பாலைவனத்தார் ஏன் விடவில்லை என்று கேட்டால், அவர்களுக்கு அது வாணிபமாகத் தோன்றவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது. வம்சம் அறுந்துபோகாதிருக்க அவர்கள் கண்ட வழி அது. இதைச் சொல்வதால் அவ்வொப்பந்தத்தை நான் கூடும் என்று சொல்வதாகக் கொள்ள வேண்டாம்.

முதிய பெட்டைக்காக மன்னர்களும் இறங்கி வந்தனர். 1848 முதல் 1854 வரை எகிப்தை ஆண்ட அப்பாஸ் பாஷா, அரபு நாடெங்கும் ஆளனுப்பிக் குதிரைகளின் வம்சாவளியைக் குலத்தலைவர்களிடம் கேட்டெழுதச் செய்தார். பெருவிலை கொடுத்துப் பெட்டைகளைத் திரட்டினார். நடக்கவியலாத அளவு முதிர்ந்த பெட்டையொன்றை அழைத்துவர அவர் எகிப்திலிருந்து மாட்டுவண்டி அனுப்பினார் என்றொரு செய்தி குதிரை ஆர்வலரிடையே இன்றும் வழங்குகிறது. அவருடைய குதிரைகளின் வழித்தோன்றல்கள் அலீ பாஷா ஷரீஃபின் கைக்கு வந்து, பின்னர் அவற்றுட் பல ஆன் பிளண்ட் சீமாட்டியிடம் சேர்ந்தன. பிளண்ட் தம்பதியர் 1881-இல் ருவலா குலத்தாரின் ‘ரோதானியா’ என்னும் பெட்டையை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றபோது அதற்கு வயது பன்னிரண்டு. 1883, 1885, 1886 ஆகிய ஆண்டுகளில் அது ஈன்ற மூன்று பெட்டைக் குட்டிகளின் வழியாக, இன்று உலகெங்கும் பரவியுள்ள பெரும் தாய்வழிகளுள் ஒன்று உண்டாயிற்று. கடைசிக் குட்டியை ஈன்றபோது அதற்கு வயது பதினேழு. முன்பே முதியது என்று ஒதுக்கியிருந்தால் இவ்வம்சம் நமக்குக் கிடைத்திராது.

நம் கரைக்கும் இக்கதையில் ஓர் இடம் உண்டு. பாண்டியர் ஆண்ட மஅபர் நாட்டுக்குக் கடல்வழி வந்த குதிரைகளின் கணக்கைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தருகிறார். கைஸ் தீவின் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். அவருடைய சகோதரர் தகிய்யுத்தீன் அப்துர்ரஹ்மான் பாண்டியரின் அமைச்சராக இங்கிருந்தார். வளைகுடாவின் பிற துறைகளையும் சேர்த்து, அதாபக் அபூபக்ர் காலத்தில் ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரைகள் வந்தனவென்றும் ஒன்றின் விலை 220 தீனார் என்றும் அவர் எழுதுகிறார். கடலில் இறந்துபோன குதிரைக்கும் விலை தரப்பட்டது. அதே நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, இங்குக் குதிரை மருத்துவர் இல்லாமையால் குதிரைகள் ஆண்டு முடியுமுன் மடிந்தனவென்றும், நல்ல பெட்டையை நல்ல பொலிகுதிரையோடு சேர்த்தாலும் கால் கோணிய, ஏறுவதற்கு உதவாத குட்டியே பிறந்ததென்றும் குறிப்பிடுகிறார். குதிரைகளுக்குச் சோறும் சமைத்த இறைச்சியும் தரப்பட்டதையும் அவர் கண்டிருக்கிறார்.

நம் நாட்டு வெப்பமே காரணம் என்று சொல்லி இதைத் தள்ளிவிடுவது வழக்கம். அரபு நாட்டில் வெப்பம் குறைவா என்ன? அரிசியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. தவிட்டில் அதற்கு எதிரான பாஸ்பரஸ் மிகுதி. அவ்வுணவில் வாழும் குதிரைக்கு எலும்பு நலியும் என்பதை இன்றைய மருத்துவம் அறியும். சினைப்பட்ட பெட்டைக்கும் வளரும் குட்டிக்கும் சோற்றை ஊட்டியதன் விளைவையே போலோ கண்டார் என்று நான் கருதுகிறேன். வணிகர்கள் குதிரைகளைக் கொண்டுவந்தனர், பைதாரைக் கொண்டுவரவில்லை. இங்கே குதிரைகள் தாமே பெருகியிருந்தால் அடுத்த ஆண்டின் 1,400 குதிரைகளுக்கு விலையேது என்று அவர்கள் எண்ணினார்களோ என்னவோ, சொல்வதற்கில்லை. காயல் துறையில் ஒவ்வோர் ஆண்டும் பருவக்காற்றோடு புதிய குதிரைகள் வந்து இறங்கின. அவற்றின் தாய்களான ஹிஜ்ர்கள் அக்கரையிலேயே, கூடார வாசல்களில் கட்டப்பட்டு நின்றன.